முதலில் வார்டைப் பாருங்கள், அம்மா

அருப்புக்கோட்டை அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது, எடை 1,150 கிராம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் 41 நாள் இருந்து தேறி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடை விடுமுறையில் சித்திக்குத் துணையாகப் போயிருந்த உங்கள் மகள், இப்போது பிளஸ் டூ முடிக்கிற நேரத்தில், "நானும் அந்த வார்டுலதான் வேலை பார்ப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உங்கள் வீட்டுக்காரர், டாக்டர் என்றால் சரி, நர்ஸ் என்றால் வேண்டாம் என்கிறார். உங்களுக்கு வேறு பயம்: பிஞ்சுகள் இறப்பதைப் பார்த்துப் பார்த்து இவள் மனசு விட்டுப்போகுமோ என்று.

மூன்றையும் பேசலாம். அதற்கு முன்னால் மகளிடம் ஒரு கேள்வி கேட்டு, அவள் சொல்வதை அப்படியே காதில் வாங்குங்கள். "அந்த வார்டை நினைச்சா உனக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?"

குழந்தைகள் அழகு, பாவம், தூக்கிக் கொஞ்சணும் போல இருந்தது என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைப் பாசம் நல்லதுதான், ஆனால் அதை வைத்து மட்டும் அந்த வேலையில் ஓட்ட முடியாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "மானிட்டர் கத்துச்சு மேடம். அந்த சிஸ்டர் பதறவே இல்ல. குழந்தையோட உள்ளங்காலை விரலால ரெண்டு தட்டு தட்டினாங்க. சத்தம் நின்னுடுச்சு. அப்புறம் ஒரு நோட்ல மணியை எழுதினாங்க." குறைமாதக் குழந்தைக்கு மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் முழுதாகப் பழகியிருக்காது. தூங்கும்போது மூச்சு சில நொடிகள் நின்றுவிடும். காலைத் தட்டினால் பல நேரம் தானாகவே திரும்ப மூச்செடுக்கும். அப்படி எத்தனை தடவை நடந்தது என்று எழுதி வைத்தால்தான், மருந்து போதுமா, மூச்சுக்கு உதவும் கருவி வைக்க வேண்டுமா, உள்ளே ஏதாவது கிருமித் தொற்று கிளம்புகிறதா என்று டாக்டரால் முடிவெடுக்க முடியும். சிஸ்டர் தட்டியதையும் அந்த மாணவி பார்த்தாள், எழுதியதையும் பார்த்தாள். இந்த வேலைக்கான கண் அவளுக்கு இருக்கிறது என்று அன்றைக்கே அவள் அப்பாவிடம் சொன்னேன். உங்கள் மகளும் இந்த மாதிரி எதையாவது சொன்னால், தைரியமாக மேலே படியுங்கள்.

இந்தப் பிரிவில் சூடு, பால், மூச்சு, சுத்தம் என்ற நான்கும்தான் பெரும்பாலான வேலை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 1,150 கிராம் உடம்பில் ஒவ்வொன்றுமே கணக்கு. உங்கள் தங்கை பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, அதை முதலில் குழாய் வழியாக ஒன்றிரண்டு மில்லி என்று ஆரம்பித்து, பிறகு பாலாடையில், அதாவது மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தில், புகட்டியிருப்பார்கள். நம் பாட்டிமார் கையில் இருந்த அதே பாலாடைதான். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு இன்றைக்கும் பெரிய மருத்துவமனைகளில் அதை வைத்துத்தான் புகட்டுகிறார்கள். ஆக்சிஜனும் அப்படித்தான். குறைந்தால் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. தேவைக்கு மேல் கொடுத்தால் குறைமாதக் குழந்தையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம். அதனால் மானிட்டரில் 90-க்கும் 95-க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாக அணைத்துவைக்கும் 'கங்காரு' முறை, 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. உங்கள் தங்கையும் கடைசி நாட்களில் அதைச் செய்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தது அநேகமாக ஒரு நர்ஸ்தான்.

"நர்சிங்குக்குக் கணக்கு எதுக்கு?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். குழந்தை 1,200 கிராம். ஜென்டாமைசின் மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் 6 மில்லிகிராம். கையில் இருக்கும் குப்பியில் 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருக்கிறது. சிரிஞ்சில் எடுக்க வேண்டியது 0.15 மில்லி. புள்ளியை ஓரிடம் தள்ளி 1.5 மில்லி எடுத்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும். அந்த மருந்து அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கம் கண்ணை அழுத்தும்போது, இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டு, இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே ஊசி போட வேண்டும். உங்கள் மகளுக்கு வேதியியல் கணக்குகளில் பயமிருந்தால் அதைப் போக்க இப்போதே நேரம் ஒதுக்குங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் டாக்டர் வழி. நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். மறுபடி நீட் முதுநிலை எழுதி எம்.டி. குழந்தைகள் மருத்துவம் மூன்று வருடம். பச்சிளம் குழந்தைகளுக்கென்றே சிறப்பு மருத்துவராக வேண்டுமானால் இன்னொரு நுழைவுத் தேர்வு, டி.எம். நியோனேட்டாலஜி மூன்று வருடம். எங்கேயும் ஒரு வருடம் கூட வீணாகாமல் போனாலே பதினொன்றரை வருடம். அவள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால், 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறக்கவே கூடாது. மதிப்பெண்ணும் வீட்டு நிலைமையும் இடம் கொடுத்து, அவளுக்கும் அது விருப்பமென்றால் தாராளமாக அந்த வழியில் போகட்டும். நான் கவலைப்படுவது வேறு. அவள் ஆசைப்பட்டது குழந்தையின் பக்கத்திலேயே நிற்கும் வேலைக்கு. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்து, முடிவெடுத்து, அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார். எட்டு மணி நேரமும் அந்தக் குழந்தையோடு நிற்பவர் நர்ஸ். அப்பாவின் விருப்பத்துக்காக அதை மாற்றி, நீட்டுக்கென்று மூன்று வருடம் கோச்சிங்கில் கழித்து, கடைசியில் இரண்டும் இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வருடம் முயலட்டும். அதற்கு மேல் போகும் முன் அவளிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.

நர்சிங் என்றால் நான் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இப்போதைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் தான் அடிப்படை. மூன்று வருட டிப்ளமோவும் நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிறகு எம்.எஸ்சி.யில் குழந்தைகள் நல நர்சிங் படிப்பதற்கு பி.எஸ்சி. நேர் வழி. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்கள் முன் அனுபவம் இல்லாமலே எழுதலாம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகு, பச்சிளம் குழந்தைப் பராமரிப்புக்கென்றே ஒரு வருடச் சிறப்பு டிப்ளமோவும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். கல்லூரி தேடும்போது எல்லோரும் கட்டிடம், ஹாஸ்டல், பஸ், 'பிளேஸ்மென்ட்' பார்க்கிறார்கள். நீங்கள் மருத்துவமனையைப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? அங்கே மாதத்துக்கு எத்தனை பிரசவம்? பச்சிளம் குழந்தைப் பிரிவில் எத்தனை படுக்கை, நீங்கள் போன நாளில் எத்தனை குழந்தைகள்? மாணவிகளை அந்த வார்டுக்குள் எத்தனை வாரம் விடுகிறார்கள், இரவுப் பணி உண்டா? சேர்க்கை அறையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்றுதான் பதில் வரும். மூன்றாம் வருட மாணவி ஒருத்தியை வாசலில் பார்த்து, "பாலாடையில புகட்டியிருக்கியாம்மா? எத்தனை குழந்தைக்கு?" என்று கேளுங்கள். அவள் முகமே சொல்லிவிடும்.

உங்கள் தங்கை இருந்த மருத்துவமனையில், குழந்தையைச் சுற்றி இத்தனை மாணவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று எரிச்சல் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த எரிச்சல் நியாயம்தான். ஆனால் பயிற்சி மருத்துவமனை என்றால் அதுதான் அம்மா. மாவட்டத்தின் எந்த மூலையில் குழந்தைக்கு முடியாமல் போனாலும் கடைசியில் அங்கேதான் அனுப்புகிறார்கள். வேறு இடத்தில் வருடத்துக்கு ஒன்று பார்க்கிற நோயை அங்கே ஒரே மாதத்தில் பலமுறை பார்க்கலாம். 1844-ல் தொடங்கி இன்று எழும்பூரில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனையும், அங்கேயே இருக்கும் குழந்தைகள் நல மருத்துவமனையும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைச் சேர்ந்தவை. அங்கே பழகிய கைக்கு எந்த ஊரிலும் மதிப்பு உண்டு. வேலூர் சி.எம்.சி. 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இடம், பெரிய வார்டுகளில் நின்று படிக்கலாம். இந்த மாதிரி இடத்தில் கிடைத்தால், கட்டிடம் பழையதென்று யோசிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தெருவுக்குத் தெரு "ஒரு வருட நர்சிங், உடனே வேலை" என்று பேனர் தொங்குகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால், தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலையும் கிடையாது, வெளிநாடும் கிடையாது. பணத்தைக் கட்டும் முன் கவுன்சில் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதேபோல எந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியாரில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் உழைப்புக்கு ஈடாக இருக்காது. அரசுப் பணிக்கு எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியத்தில் வைத்து, நிரந்தரமாக வருடங்கள் ஆகிறது. இத்தனை பொறுப்பைச் சுமக்கிறவர்களை இப்படிக் காக்க வைப்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் பச்சிளம் குழந்தைப் பிரிவில் நல்ல அனுபவம் உள்ள நர்ஸுக்கு வேலை தேடி அலையும் நிலை அநேகமாக வராது.

நர்ஸும் டாக்டரும் மட்டும்தான் அந்த வார்டுக்குள் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் தங்கை குழந்தைக்குக் காதில் சின்ன முனையை வைத்து ஒரு சோதனை செய்திருப்பார்கள். அதைச் செய்பவர்கள் செவித்திறன், பேச்சு மொழிப் படிப்பு முடித்தவர்கள். அது நான்கு வருடப் படிப்பு. ஒரு மாதத்துக்குள் சோதித்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் காது கேளாத குழந்தைக்கும் பேச்சு வர நல்ல வாய்ப்பு உண்டு. கர்நாடகத்தில் கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கேமராவோடு ஊர் ஊராகப் போய்க் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். வென்டிலேட்டரைக் கவனிக்க ரெஸ்பிரேட்டரி தெரபி, வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கு பிசியோதெரபி. நர்சிங் இடம் கிடைக்காவிட்டாலும் அவள் ஆசை அதோடு முடிந்துவிடாது.

கடைசியாக உங்கள் பயம். ஆமாம், குழந்தைகள் இறப்பார்கள். 2020 கணக்குப்படி இந்தியாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 28 பேர் முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. அதில் 20 பேர் முதல் 28 நாளுக்குள் போய்விடுகிறார்கள். அதே கணக்கில் தமிழ்நாட்டில் முதல் பிறந்த நாளைப் பார்க்காதவர்கள் 28 அல்ல, 13 பேர்தான். ராத்திரி கண்விழித்த எத்தனையோ பேரின் கைகளும் அதற்குள் இருக்கின்றன. காலைத் தட்டியதைச் சொன்னாளே, அந்த மாணவி இப்போது நர்ஸ். முதல் தடவை அவள் கையில் ஒரு குழந்தை போன அன்று எனக்குப் போன் செய்தாள். குழந்தையின் காலில் கட்டியிருந்த அடையாளப் பட்டையை அவிழ்க்கக் கை வரவில்லை என்று அழுதாள். சீனியர் சிஸ்டர் பக்கத்தில் வந்து, "இரு, ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோம்" என்று கூட நின்றாராம். மறுநாள் விடுப்பு எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை, பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு அன்றைக்குத்தான் குழாயை எடுத்துப் பாலாடை ஆரம்பிக்கிறார்கள் என்றாள். உங்கள் மகளும் அழுவாள் அம்மா. அழுவதால் யாரும் அந்த வேலைக்குத் தகுதி இல்லாமல் போவதில்லை. கூட நிற்கும் சீனியர்கள் இருக்கிற இடமா என்பதையும், கல்லூரி தேடும்போது சேர்த்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு நைட் டியூட்டி தடையாகுமோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தன் குழந்தையை ராத்திரி முழுக்கக் காப்பாற்றிக் கொடுத்த சிஸ்டரைப் பற்றி உங்கள் தங்கை வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மகளின் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

தங்கையின் குழந்தைக்கு அடுத்த பரிசோதனை தேதி இருக்கும். எடை, கண், காது, வளர்ச்சி எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்கு மகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பரிசோதனை முடிந்ததும், பணி முடிந்து வெளியே வரும் ஒரு சிஸ்டரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மகளைப் பேச விட்டுவிட்டு நீங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.