முழங்காலில் நின்ட ஆறு வருசம்

கேள்வி: சண்டை 2009இலயே முடிஞ்சுது. முகமாலையில மிதிவெடி எடுக்க ஏன் இவ்வளவு காலம்? புல்டோசரால தள்ளிவிட ஏலாதா அக்கா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏலாது தம்பி. ஆறு வருசம் அந்த மண்ணில முழங்காலில நின்டனான், அதால சொல்லுறன். 2000க்குப் பிறகு வருசக்கணக்கா ஆமி, புலிகள் ரெண்டு பக்கத்து முன்னரங்கும் அங்கதான். வரிசை வரிசையாப் புதைச்சு வச்சிருந்தவை. புல்டோசர் தள்ளினா கொஞ்சம் வெடிக்கும், மிச்சம் மண்ணோட மண்ணாப் புரண்டு இன்னும் ஆழத்துக்குப் போயிடும். பிறகு தேடுறது ஆர்? கவசம் போட்ட இயந்திரம் இருந்தது, ஆனா அது சண்டைக்குக் கட்டின பெரிய மண் அணைகளுக்குத்தான்.

இன்னொரு கரைச்சல். கன மிதிவெடி பிளாஸ்டிக். உள்ளுக்கு இரும்பு ஊசியளவுதான். இரும்பைக் கண்டா சத்தம் போடுற கருவி அதுக்கு முனகும், பக்கத்தில கிடக்கிற செல் துண்டுக்கோ ஊரைக் கூட்டும்! ஒவ்வொரு சத்தத்துக்கும் குனிய வேணும். அதால கன இடத்தில பல்லு வச்ச வாருகோலால மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்துத்தான் பார்த்தம். முகக்கவசத்துக்குள்ள வியர்வை கண்ணில வடியும், துடைக்கேலாது.

எங்கட அணியில பாதிப்பேர் புருசனை இழந்த பெண்கள். முதல் மிதிவெடியைக் கண்ட அண்டைக்கு நான் மத்தியானச் சோறு சாப்பிடேல்ல. பத்தாவதுக்குப் பிறகு பசிச்சுது.