கொழும்பு வீட்டு வளவில் கூட்டெரு: மீன் கழிவு, பேப்பர், மரத்தூள் எல்லாம் போடலாமா?

மீன் கழிவை விடுங்கள். வெள்ளவத்தை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் மீன் தலை, எலும்பு, எண்ணெய் பட்ட கறி போட்டால் ஒரே இரவில் எலியும் பூனையும் வந்துவிடும். நாய், பூனை மலமும் வேண்டவே வேண்டாம். வீட்டுக் குவியல் கிருமி சாகும் அளவுக்கு, அதாவது 55 பாகைக்கு மேல் சில நாள் தொடர்ந்து, சூடாகும் என்று நம்பியிருக்க முடியாது.

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது தாராளமாகப் போடலாம். தேங்காய்ப்பூச் சக்கையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, காய்ந்த இலையோடு கலந்து போடுங்கள். பலர் பிழைவிடுவது இந்தக் காய்ந்த இலை விஷயத்தில்தான்: ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த மாவிலையோ பலா இலையோ சேராவிட்டால், நம்முடைய மழைக்கு அது அழுகி நாறத்தான் செய்யும்.

சாதாரணப் பத்திரிகைத்தாளைக் கிழித்துப் போடலாம், பளபளப்பான தாளும் கடை பில்லும் வேண்டாம். மரத்தூள் என்றால் எந்த மரம் என்று தச்சரிடம் கேளுங்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த, மருந்தேற்றிய மரத்தின் தூளை மரக்கறிப் பாத்திக்குப் போகும் எருவில் நான் சேர்க்கவே மாட்டேன்.

அப்புறம் சிரட்டை. அது உக்க வருடக்கணக்காகும், சிரட்டைக்குள் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும், அதனால் குவியலுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.