அரைப் பேர் இல்லாத ஒரு செக்ரோல்

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள் நான். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் செய்ய ஆசை. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் நடக்கும் துணிக்கைச் சோதனை ஒன்றில் என்றாவது சேர வேண்டும் என்பது என் எண்ணம். இலங்கை அதில் உறுப்பு நாடு இல்லை, ஆகவே நடக்காது என்கிறார் ஒரு நண்பர். அது பணக்கார நாடுகளின் விஞ்ஞானம், நமக்கு எதற்கு என்கிறார் இன்னொருவர். பணம் கட்டினால் அங்கே பயிற்சிக்கு இடம் எடுத்துத் தருவதாக ஒரு விளம்பரமும் பார்த்தேன். நான் எங்கிருந்து தொடங்குவது? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கொழுந்து பறிக்கும் என் அம்மா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: மகள், முதலில் அந்த விளம்பரத்தைத் தூக்கி எறியுங்கள். செர்ன் எந்த விண்ணப்பத்துக்கும் ஒரு சதம் கூட வாங்குவதில்லை. தேர்வாகும் மாணவருக்கு அதுவே செலவுப் பணம் கொடுக்கிறது. நடுவில் நின்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் செர்னுக்கும் தொடர்பு கிடையாது.

அடுத்தது உறுப்பு நாடு பற்றிய குழப்பம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 1954இல் 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செர்னைத் தொடங்கின. உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் பணம் கொடுக்கின்றன, ஆட்சிக் குழுவில் வாக்களிக்கின்றன. நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் துணிக்கைகளை வேகப்படுத்தும் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அங்குள்ள இயந்திரமான ஆர்முடுக்கியில் புரோத்தன்கள் மோதும் இடங்களில் சோதனைகளை நடத்துவது கூட்டாய்வுகள். அட்லஸ், சி.எம்.எஸ்., அலிஸ், எல்.எச்.சி.பி. என்பவை அவற்றில் பெரியவை. ஒவ்வொன்றும் தனக்கென விதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையும் வைத்திருக்கும் ஒரு பெரிய சங்கம் போன்றது. அந்தச் சங்கத்தில் தனி ஆள் சேர முடியாது. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோதான் சேரும். அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் அதன் வழியாக உள்ளே வருவார்கள்.

இலங்கை 2017இல் செர்னுடன் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. சி.எம்.எஸ். கூட்டாய்வின் அண்மைய ஆண்டுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நாடுகளின் அகர வரிசையில் இலங்கையின் கீழே கொழும்புப் பல்கலைக்கழகமும் மாத்தறையிலுள்ள ருஹுணுப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையும் இருக்கும். ஆகவே செர்னில் சேர முடியுமா என்று கேட்பதை விட்டு, கூட்டாய்வில் ஏற்கெனவே இருக்கிற எந்தக் குழுவில் மாணவியாகலாம் என்று தேடுங்கள். அந்தக் குழு மாத்தறையில் இருக்கலாம், இந்தியாவில் இருக்கலாம், எங்கும் இருக்கலாம்.

இரண்டாவது நண்பரின் பேச்சுத்தான் என்னை உறுத்துகிறது. இதே பேச்சை நானும் படிக்கிற காலத்தில் கேட்டேன், அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கோலாரைப் பற்றிச் சொல்கிறேன். நம் முன்னோர் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. அந்தச் சுரங்கங்களில் ஒன்றின் அடியில், தரைக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே, 1965இல் ஒரு சோதனை நடந்தது. பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்த சோதனை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும், எதனோடும் எளிதில் மோதாத நியூத்திரினோ என்ற நுண்துணிக்கையின் தடத்தை அவர்கள் அங்கே கண்டார்கள். அதே காலத்தில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் கண்டது. உலகில் வளிமண்டல நியூத்திரினோவை முதலில் பார்த்தவை இந்த இரண்டு சுரங்கங்கள்தாம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி ஏறிய சுரங்கத்தின் ஆழந்தான் அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது. மேலே இருக்கும் பாறை மற்றக் கதிர்களை வடிகட்டிவிடும்.

கோலாருக்குப் பிறகு ஊட்டிக்கு வாருங்கள். அதுவும் தேயிலை மலைதான். அங்கே கிரேப்ஸ்-3 என்ற சோதனை நடக்கிறது, இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து நடத்துவது. விண்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவன் என்ற துணிக்கையைப் பிடிக்கும் அதன் தொலைநோக்கியைப் படத்தில் பார்த்தால் தொலைநோக்கி என்றே தோன்றாது. ஆறு மீற்றர் நீளம், பத்துச் சென்ரிமீற்றர் அகலம், பத்துச் சென்ரிமீற்றர் உயரம் கொண்ட சதுர இரும்புக் குழாய்கள், 3,712. அடுக்கடுக்காய்க் கிடத்தி, மேலே கொங்கிறீற்றுக் கட்டிகளைப் போட்டு மூடியிருப்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வாயு; நடுவே ஒரு மெல்லிய கம்பி. மியூவன் ஊடுருவிப் போனால் கம்பியில் ஒரு சிறு மின் துடிப்பு வரும். கோலாரில் புரோத்தன் சிதைவைத் தேடிய சோதனையில் பயன்பட்ட குழாய்கள் இங்கே மறுபடி வேலைக்கு வந்தன. அந்தக் குழாய்களை வைத்து, 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேல் நின்ற ஓர் இடிமேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ற் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் அவ்வளவு பெரிய அழுத்தத்தை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. மஸ்கெலியாவில் பிற்பகல் இடி இறங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் மியூவன் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கிறது. மலையில் இருக்கிறவர்களுக்குக் கொழும்பில் இருக்கிறவர்களைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே போகிறது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வெளியே இருப்பவர்கள் அறியாத பகுதி இதுதான்.

2015இல் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டும் சேர்ந்து ஹிக்ஸ் துணிக்கையின் திணிவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. மொத்தம் 33 பக்கம். ஆய்வு 9 பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி 24 பக்கமும் பெயர்கள், 5,154 பேர். அங்கே பெரியவர் முன்னால், சிறியவர் பின்னால் என்ற வரிசை கிடையாது. எல்லாம் அகர வரிசைதான். நோபல் பரிசுக்குப் பேசப்படும் பேராசிரியரும், போன வருடம் வந்த மாணவியும் அடுத்தடுத்த வரியில் இருக்கலாம்.

அந்தப் பெயர் எப்படிக் கிடைக்கிறது? நம் தோட்டங்களில் பேர் என்றால் என்ன என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நாளுக்குரிய கிலோ நிறைந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். கூட்டாய்விலும் பேருக்கு ஒரு கணக்கு உண்டு. புதிதாக வருபவர் ஏறத்தாழ அரை வருட உழைப்பைக் கூட்டாய்வின் பொது வேலைக்குக் கொடுக்க வேண்டும். உணர்கருவியின் ஒரு பகுதியைச் சரிபார்ப்பது, மென்பொருளில் பிழை களைவது, வருகிற தரவு நல்லதா கெட்டதா என்று பிரிப்பது, கட்டுப்பாட்டு அறையில் முறைப்பணி பார்ப்பது, இப்படி. அது முடிந்த பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும். ஏறினால் முழுப் பெயர்தான், அரைப் பேர் அங்கே கிடையாது. உங்கள் சொந்த ஆய்வு இதற்கு மேலே தனியாக நடக்கும். அதில் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பது 5,000 பெயர்களுக்குள் மறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். கூட்டாய்வுக்குள் எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொறுப்பாளர் எழுதும் கடிதம் அதைச் சொல்லும்.

முறைப்பணியில் எனக்கு நடந்த ஒன்று. முதல் தடவை பின்னிரவுப் பணி. மூன்று மணியிருக்கும், வாயு அழுத்தத்தைக் காட்டும் ஒரு கட்டம் திரையில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. அழைப்புப் பட்டியலில் நிபுணரின் எண் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பெரிய மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதா, என் ஆங்கிலம் அவருக்குப் புரியுமா என்று கை தயங்கியது. பத்து நிமிடம் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பிரேசில் மாணவி திரும்பிப் பார்த்துவிட்டு, “இதற்காகத்தான் அவர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்” என்றாள். அழைத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, ஏன் பத்து நிமிடம் தாமதம் என்று மட்டும் கேட்டார். பெரியவர்கள் முன் வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அங்கே அந்தப் பழக்கம் உணர்கருவிக்கே கேடு. பேராதனைக் கருத்தரங்கு அறையிலேயே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுங்கள்.

பணம்? கூட்டாய்வை நடத்தும் பொதுச் செலவில் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமுள்ள முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு கட்டும். மாணவரிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்கள் மடிக்கணினியிலிருந்து. செர்ன் 2014 முதல் தன் சோதனைத் தரவைத் திறந்த தரவு இணையத்தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அங்கே சி.எம்.எஸ். 2010இல் பதிவு செய்த, இரண்டு மியூவன்கள் தோன்றிய ஓர் இலட்சம் மோதல்கள் கொண்ட சிறிய கோப்பு ஒன்று உண்டு. சாதாரண அட்டவணைதான். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மியூவன்களின் சக்தியும் உந்தமும் இருக்கும். உயர்தரத்தில் படித்த உந்தக் காப்பும், முதல் வருடத்தில் படித்த சார்பியலும் போதும். இரண்டையும் பெற்ற தாய்த் துணிக்கையின் திணிவை ஒவ்வொரு வரிக்கும் கணக்கிட்டு, பைத்தனில் ஒரு வரைபடம் போடுங்கள். கச்சாமுச்சாவென்று இறங்கிப் போகும் கோட்டில் 3.1 ஜிகா இலத்திரன்வோல்ற் (துணிக்கையின் திணிவைச் சொல்லும் அலகு) அருகே ஒரு கூர்மையான மேடு எழும், அது ஜே-சை என்ற துணிக்கை. 9.5 அருகே இன்னொன்று, உப்சிலன். கடைசியில், தரவு குறைந்து போன இடத்தில், 91 அருகே ஒரு அகன்ற மலை. அது இசட் போசன். அதைக் கண்டுபிடித்ததற்காக 1984இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி அதை நீங்களே பார்ப்பீர்கள். 91இல் உள்ள மலை மட்டும் ஏன் அவ்வளவு அகலம் என்று உங்களுக்குள் கேள்வி எழுந்தால், நீங்கள் இந்தத் துறைக்கு வந்துவிட்டீர்கள்.

அதோடு லினக்சும், நிரலை ஒழுங்காகச் சேமித்துப் பகிர உதவும் கிட் என்ற கருவியும், இத்துறையின் பொது மென்பொருளான ரூட்டும் பழகுங்கள். எல்லாம் இலவசம். சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டு ஆய்வுக்கு, உங்கள் விரிவுரையாளர் ஒருவரையும் கூட்டாய்வில் உள்ள ஒரு குழுவைச் சேர்ந்தவரையும் இணை மேற்பார்வையாளர்களாகக் கேளுங்கள். மின்னஞ்சல் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். “செர்ன் போக ஆசை” என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். அந்த வரைபடத்தை இணைத்து, அதில் உங்களுக்கு விளங்காத ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுவதில் வெட்கம் இல்லை.

செர்ன் கோடைகால மாணவர் திட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும். உறுப்பு நாடல்லாத நாடுகளின் மாணவர்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி முடிவில் மூடும். போட்டி கடுமை, ஒரு முறை கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பட்டம் முடிந்ததும் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையமான ஐ.சி.டி.பி. நிறுவனத்தின் ஒரு வருட டிப்ளோமாவுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் நம்மைப் போன்ற நாடுகளின் இளையவர்களுக்காகவே தொடங்கிய நிறுவனம் அது. தேர்வானால் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. செர்ன் போவதைவிடவும் உங்களுக்கு இதுவே நல்ல படி என்பது என் எண்ணம். அங்கே அடிப்படை உறுதியாகும், அங்கிருந்து முனைவர் படிப்புக்குப் போகிறவர்கள் ஏராளம். காலமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2030 அளவில் ஆர்முடுக்கி இப்போது தருவதைவிடப் பல மடங்கு மோதல்களுடன் திரும்ப ஓடும் என்பது திட்டம். நீங்கள் முனைவர் படிப்பில் இருக்கும் வயது அது.

கூட்டங்கள் பெரும்பாலும் இணையவழியில்தான். ஜெனீவாவில் மாலை நான்கு மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. வீட்டில் சிக்னல் எந்த மூலையில் நிற்கும் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் மறைக்க வேண்டாம். துணிக்கைப் பௌதிகவியலில் நிரந்தரப் பதவிகள் குறைவு. முனைவர் பட்டம் பெறும் எல்லோருக்கும் அதில் இடம் இல்லை. ஆனால் இதைப் படித்தவர்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பெருந்தொகைத் தரவைக் கையாளத் தெரிந்தவரை வங்கியும் தேடுகிறது, தொலைத்தொடர்பு நிறுவனமும் தேடுகிறது. மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் நோயாளிக்குக் கதிர் கொடுக்கும் இயந்திரமும் ஓர் ஆர்முடுக்கிதான். எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்கிடுபவர் ஒரு பௌதிகவியலாளர். அம்மாவுக்கு அந்த உதாரணத்தைச் சொல்லுங்கள். தோட்டத்தில் யாராவது ஒருவர் அங்கே சிகிச்சைக்குப் போய் வந்திருப்பார், அம்மாவுக்கு உடனே விளங்கிவிடும்.