காட்டுக்குள் பாடுவது எது? – கேள்வி பதில்

நெடுங்கேணி வாசகர்: விடியற்காலையில் குளக்கட்டுக்கு அப்பாலுள்ள காட்டிலிருந்து புல்லாங்குழல் போன்றதொரு பாட்டுக் கேட்கிறது. ஒருமுறை நீண்ட வால் மட்டும் தெரிந்தது. அது என்ன பறவை?

பதில்: பெரும்பாலும் ஆண் சோலைபாடி. தலையும் முதுகும் மார்பும் பளபளக்கும் கறுப்பு. வயிறு செம்மண் நிறம். வாலின் ஓர இறகுகள் வெள்ளை. அது பறந்து மறையும்போது வாலடியிலுள்ள வெள்ளையே முதலில் கண்ணிற்படும். பெண் மங்கலானது, வாலும் குட்டை. பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நிற்கும் காட்டில், நிழல் விழும் கீழ்ப்பற்றைகளுக்குள் நிலத்தையொட்டியே பூச்சி தேடித் திரிவதால், பாட்டைப் பல நாள் கேட்டவர்கூட அதனைக் கண்டிருக்கமாட்டார். அதற்காகப் பாதையை விட்டு இறங்கவேண்டாம். கண்ணிவெடி முற்றாக அகற்றப்படாத இடங்கள் இலங்கையின் வன்னிப் பகுதியில் இன்னும் உள்ளன.

கிளிநொச்சி வாசகர்: எங்கள் வளவில், வேலிக் கதியாலில் நின்று பாடும் கறுப்பு வெள்ளைக் குருவியும் சோலைபாடியா?

பதில்: இல்லை, அது வண்ணாத்திக்குருவி. சிறகில் நீண்ட வெண்பட்டை, வெள்ளை வயிறு, நிமிர்த்திய வால். மனிதர் நடமாட்டத்துக்கு அது கூசுவதில்லை. சோலைபாடியோ வளவுக்கு வருவது அரிது.

மல்லாவி வாசகர்: கிணற்றடியில் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி...

பதில்: மேலுள்ள பதிலைப் படிக்கவும்.

பூநகரி வாசகர்: உடல் முழுவதும் கறுப்பு, தோளில் வெள்ளை, வாலடியின் கீழ் செம்மை.

பதில்: ஆண் கருஞ்சிட்டு. வறண்ட வெளிகளே அதற்கு உகந்தவை.

மாங்குளம் வாசகர்: பாட்டே போதுமே, நிறமும் வாலும் எதற்கு?

பதில்: போதாது. வண்ணாத்திக்குருவியும் சோலைபாடியும் ஒரே பேரினத்தவை. இரண்டுமே இனிமையாகப் பாடுபவை. போதாக்குறைக்குச் சோலைபாடி பிற பறவைகளின் குரலைத் தன் பாட்டில் கலக்கும். கரிக்குருவியும் அவ்வாறே செய்யும். பாட்டு, நிறம், இடம் ஆகிய மூன்றும் ஒத்துவரும்வரை நான் பெயர் சொல்வதில்லை.

மாங்குளம் வாசகர்: அப்படியானால் கைத்தொலைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டால், அதுவே வெளியே வந்து நிறத்தைக் காட்டுமே?

பதில்: வரும், தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதென்று சண்டைக்கு வரும். இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். கூடுகட்டும் காலத்தில் இது கொடுமை. அதன் பின்னால் நீங்களும் பற்றைக்குள் நுழைவீர்கள். பாதையை விட்டு இறங்கவேண்டாமென்று இரண்டாம் முறை எழுதுகிறேன்.

துணுக்காய் வாசகர்: பாட்டுக்காகக் கூண்டில் வளர்க்கலாமா?

பதில்: கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

வவுனியா வாசகர்: கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று...

பதில்: வெள்ளை சிறகிலா, தோளிலா, வாலடியிலா? பார்த்துவிட்டு எழுதவும்.