வோல்ஃப்காங், அமீர் ரெண்டு பேரையும் ஒரே பதிலில் போட்டுக் குழப்பாதீர்கள்

உங்கள் குழப்பம் புரிகிறது. தேர்வுக்கு 'பாதிக்கப்பட்டவர் தூண்டிய குற்றம்', அதாவது பாதிக்கப்பட்டவரே ஆரம்பித்து வைத்ததாகச் சொல்லப்படும் குற்றம், பற்றிப் படிக்கிறீர்கள். அமெரிக்கக் குற்றவியலாளர் வோல்ஃப்காங் சொன்னதும் பழியைத் தூக்கி அடிவாங்கியவர் தலையில் போடுவதுதானே என்கிறீர்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

மார்வின் வோல்ஃப்காங் ஃபிலடெல்ஃபியாவில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளின் போலீஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். அதில் 150, அதாவது சுமார் 26 சதவீதம், இந்த வகை. அவர் வைத்த அளவுகோல் கறாரானது: இறந்தவரே முதலில் கைநீட்டியிருக்க வேண்டும், அல்லது ஆயுதத்தை எடுத்திருக்க வேண்டும். வெறும் வாய்ச்சண்டை கணக்கில் வராது. கணவன் கத்தியோடு பாய்கிறான், மனைவி கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பிக் குத்துகிறாள் என்று வையுங்கள், செத்தவன்தான் ஆரம்பித்தவன். இதில் பழி போடுவது எங்கே இருக்கிறது?

கோளாறு 1971இல் இன்னொரு குற்றவியலாளர் மெனாக்கெம் அமீரிடம் வந்தது. அதே ஊர், 646 பாலியல் வன்முறை வழக்குகள், 19 சதவீதம் 'தூண்டப்பட்டவை' என்றார். ஆனால் அளவுகோல் மாறிவிட்டது: பெண் சம்மதித்ததாகக் 'கருதப்பட்டாலே' போதும், பலமாக மறுக்காவிட்டாலும் போதும். யார் கருதியது? அந்தக் கேள்வியைத்தான் பெண்ணியவாதிகள் பிடித்துக்கொண்டார்கள், சரியாகவே.

அப்புறம், இப்படிப் பழியைப் பாதிக்கப்பட்டவர் மேல் திருப்புவதற்கு நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவைச் சேருங்கள். புகார் செய்த பெண்ணின் 'நடத்தை'யைக் கிளற எதிர்த்தரப்புக்கு வழிவிட்ட அந்த உட்பிரிவை 2002 திருத்தம்தான் நீக்கியது.