தாத்தாவின் பட்டாளத்து வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய இராக்) போனாராம். பெயரும் ஊரும்தான் தெரியும். எங்கே எழுதிக் கேட்பது சார்?

பதில்: எழுதுவதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். மெடல் இருந்தால் விளிம்பில் நம்பர், ராங்க், பெயர், யூனிட் பொறித்திருக்கும். வெள்ளிச் சாமான்தானே என்று விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். நம்பர் மட்டும் போதாது. அன்று ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியாக நம்பர் போட்டது. யூனிட் பெயரும் நிலையில்லை. 75-வது கர்நாடிக் காலாட்படை போன்ற படைகள் 1922-ல் 3-வது மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குள் போயின. அதையும் சில வருடங்களில் கலைத்துவிட்டார்கள். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படைகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. சிப்பாய் பெயர் அரிதாகத்தான் வரும். ஆனால் படை எந்தத் தேதியில் எங்கே நின்றது என்று தெரியும்.

கேள்வி: போரில் இறந்தவர் என்றால்?

பதில்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம் உண்டு. முனுசாமியை ஆங்கிலத்தில் எப்படியெல்லாமோ எழுதியிருப்பார்கள். பெயரை விட்டு ரெஜிமெண்டைப் போட்டுத் தேடுங்கள். ஊர் பழைய மாவட்டத்தில் இருக்கும்: வேலூர் என்றால் வட ஆற்காடு, தர்மபுரி என்றால் சேலம். இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தின் படத்தில் தேடி ஏமாறாதீர்கள். அங்கே இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: தாத்தா சிங்கப்பூரில் பிடிபட்டு ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தார் என்பார் அப்பா. வீட்டில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை) கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. எது பொய்?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர்களில் பலர் ஐ.என்.ஏ.வுக்குப் போனார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் விசாரித்து, ஐ.என்.ஏ.வில் யார் எவ்வளவு பற்றோடு இருந்தார்கள் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பு என்றால் வேலை போயிற்று. டிஸ்சார்ஜ் தேதியையும் காரணத்தையும் பாருங்கள்.

கேள்வி (வேறொருவர்): ஐ.என்.ஏ.காரர் பதிவை வெள்ளைக்காரன் விட்டுவைப்பானா? எல்லாவற்றையும் எரித்துவிட்டார்களே!

பதில்: எரிந்தது லண்டனில். 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து, முதல் போரில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் காகிதங்களில் பெரும்பகுதி போயிற்று. நம் ஆட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (அவரே): அப்படியானால் மலேயா தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த என் பெரிய தாத்தாவுக்கு ஏன் ஒரு சீட்டுகூட இல்லை?

பதில்: அவர் இந்திய ராணுவத்தில் இருந்ததே இல்லையே! ரப்பர் வெட்டியவருக்குச் சர்வீஸ் நம்பர் ஏது? அவரைத் தேட வேண்டிய இடம் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகள். எரித்த கதையை இத்துடன் விடுங்கள்.

கேள்வி: பெரியப்பா 1962-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். அவர் பதிவை எங்கே கேட்பது?

பதில்: நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்டு ஆபீஸ். நம்பரோடு, வாரிசு எழுத வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பிறந்த வருடம் ஒத்துப்போகவில்லை.

பதில்: ஆள் சேர்க்கும் இடத்தில் சொன்ன வயது அது. நம்பாதீர்கள்.

கேள்வி: மெடல் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தேய்த்துவிட்டீர்களா?

கேள்வி: மெடல் எவ்வளவுக்குப் போகும்?

பதில்: விலை கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.