சேலம் வெயிலுக்குத் தக்கபடி மாறும் நிழற்கூரையைப் பொது இடங்களில் அமைக்க முடியுமா?

முடியும். மோட்டார், சென்சார் எதுவும் இல்லாமலே முடியும். பந்தல் போடுவது எங்கள் குடும்பத் தொழில், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சேலத்தில் ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் எந்தக் கூரையும் நிழல் தந்துவிடும். சிக்கல் அப்புறம்தான். ஏப்ரலில் 3 மீட்டர் உயரக் கூரையின் நிழல், மாலை 3 மணிக்கு இரண்டரை மீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். நாலேகாலுக்கு ஏறக்குறைய 5 மீட்டர். பயணியர் நிழற்குடைகள் பலவற்றுக்கு அவ்வளவு அகலமே கிடையாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நிழல் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம்.

இதைக் கணக்குப் போடாமலே புரிந்துவைத்திருந்தவர் சந்தையில் கீரை விற்கும் ஓர் அம்மா. மதியம் இரண்டு மணியானால் மேற்குப் பக்கம் பழைய சேலையைக் கட்டிவிடுவார். அதைப் பார்த்துத்தான் அந்த வாரச்சந்தையில் கூரையின் மேற்கு விளிம்பில் பச்சை நிழல் வலையைக் கப்பியில் கோத்துத் தொங்கவிட்டோம். வெயில் கூடையைத் தொட்டால் கயிற்றை ஒரு முழம் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேலே தகரம் மட்டும் போடாதீர்கள். சுட்ட தகரம் தன் சூட்டைக் கீழே நிற்பவர் தலையில்தான் இறக்கும். தகரம் ஏற்கெனவே இருந்தால், அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள், நடுவே காற்று ஓடும். புதிதாகப் போடுவதென்றால் இரவில் ஒதுக்கிவிடக் கூடிய வலையே நல்லது. வானம் தெரிந்தால்தான் தரை சீக்கிரம் ஆறும். மதீனா பள்ளிவாசல் முற்றத்தில் பகலில் விரிந்து நிழல் தரும் 250 பெரிய குடைகளும் மடங்கக் கூடியவைதான்.

ஒரு தவறு செய்தோம். முதல் வருடம் வலையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினோம். கோடை மழைக்கு முன் அடித்த காற்றில் அது பாய்மரம் போல உப்பி, ஒரு கம்பத்தையே சாய்த்துவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. இப்போது கீழ் விளிம்பில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான் போடுகிறோம். சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்தால், அந்தக் கீரைக்கார அம்மா முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குகிறார்.